விடுதலைக்குப் பின் இரண்டு வாரம்

நேயர்களுக்கு வணக்கம். நம் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்ஸ் உட்கார்ந்து எந்த மாத்திரை காலையில், எது ராத்திரி என்று சொல்வார். மறுபடி வர வேண்டிய தேதியை எழுதித் தருவார்கள். கூட்டிக்கொண்டு போக வீட்டு ஆள் ஒருவர் வெளியே நிற்பார். அமெரிக்காவில் சிறையிலிருந்து வெளியே வருகிற நோயாளிகளில் மிகப் பலருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை.

அதனால் என்ன ஆகிறது? வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம், மற்ற மக்களோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 13 மடங்கு. போதை மருந்து அளவு மீறி இறப்பதை மட்டும் பார்த்தால் 129 மடங்கு. சிறைக்குள் இருந்த காலத்தில் உடம்புக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். மாரடைப்பு, கொலை, தற்கொலை ஆகியவையும் அந்தக் கணக்கில் முன்னால் நின்றன.

இத்தனைக்கும் உள்ளே இருக்கும்வரை வைத்தியம் அவர்களுடைய உரிமை. கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே கவனிக்காமல் விடுவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. அந்த உரிமை கேட் வரைக்கும்தான். கேட்டுக்கு வெளியே ஏழைகளுக்கு இருப்பது மெடிக்கெய்டு என்ற அரசுக் காப்பீடு. 1965-இல் அதைக் கொண்டுவந்தபோதே, சிறையில் இருப்பவருக்கு அதிலிருந்து பணம் தரக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். வெளியே ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மட்டும் விதிவிலக்கு. இதைச் சாக்காக வைத்துப் பல மாநிலங்கள், ஒருவர் உள்ளே போனதும் அவருடைய காப்பீட்டையே ரத்து செய்தன. வெளியே வந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வருவதற்குள் அந்த இரண்டு வாரம் ஓடிப்போகும்.

அப்படி மாட்டிக்கொண்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயாளி. உள்ளே இருந்தவரை வேளைக்கு இன்சுலின் போட்டார்கள். விடுதலை செய்தது நடுராத்திரியில். இன்சுலின் உள்ளேயே தங்கிவிட்டது. மருந்துக்கடையில் காப்பீடு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். சில நாட்களில் நினைவு தப்பி, அவசரப் பிரிவில் கிடந்தார். அவரைப் பார்க்க வந்த டாக்டர்கள் எல்லோரும் “ஏன் ஊசி போடவில்லை?” என்றுதான் கேட்டார்கள். சமூக நலப் பணியாளர் ஒருவர் வந்தார். அவரும் ஒரு காலத்தில் சிறையில் இருந்தவர். அவர் கேட்டது: “இன்னைக்கு ராத்திரி எங்க தூங்கப் போறீங்க? அங்க ஃபிரிட்ஜ் இருக்கா?” இன்சுலினைக் கெடாமல் வைக்க இடம் வேண்டும் என்பது அவருக்குத்தான் தோன்றியது. காப்பீட்டு அலுவலகத்துக்கு அவரே கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும் நாளிலும் கூடவே வந்தார்.

இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காகிதம் எத்தனை கொடுத்தாலும், கூட வர ஓர் ஆள் வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் 2006-இல் தொடங்கிய டிரான்சிஷன்ஸ் கிளினிக் இதைத்தான் செய்கிறது: சிறை அனுபவம் உள்ளவர்களையே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கிறது. சிறையில் இருந்தவர் டாக்டரிடம் சொல்லக் கூசுகிற விஷயத்தை அவர்களிடம் சொல்லிவிடுவார்.

சரி, சட்டம் எப்படி மாறியது? 2023 ஜனவரியில் கலிஃபோர்னியா மாநிலத்துக்கு அமெரிக்க மத்திய அரசிடமிருந்து முதல் அனுமதி கிடைத்தது. விடுதலைக்கு 90 நாள் முன்பிருந்தே சில சேவைகளுக்கு மெடிக்கெய்டு பணம் தரலாம். வைத்திய ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் உள்ளேயே வந்து பார்ப்பார், போதை நோய்க்கு மருந்து தொடங்கலாம், வெளியே வரும்போது கையில் மருந்து இருக்கும். அதற்குப் பிறகு பல மாநிலங்கள் இதே அனுமதியை வாங்கின. காப்பீட்டை ரத்து செய்யாமல் நிறுத்தி மட்டும் வைக்க வேண்டும் என்பது 2026 ஜனவரி முதல் எல்லா மாநிலங்களுக்கும் சட்டம். போதை நோய்க்கான மருந்தைச் சிறைக்குள்ளேயே கொடுத்தால் பலன் உண்டா என்று கேட்பவர்கள் ரோட் ஐலண்ட் மாநிலத்தைப் பார்க்கலாம். அங்கே 2016-இல் அப்படிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, விடுதலையானவர்களிடையே போதை மரணங்கள் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தன.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். உள்ளூர்ச் சிறைகளைப் பற்றியும் பேச வேண்டும் என்றிருந்தேன். அங்கே பலர் சில நாட்களே இருக்கிறார்கள், எப்போது விடுவார்கள் என்றும் தெரியாது. 90 நாள் கணக்கு அங்கே ஒத்துவராது. உள்ளே வந்த அன்றைக்கே காப்பீட்டு விண்ணப்பத்தை எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து. அப்புறம் 21 வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களில் தண்டனை முடிந்து வெளியே வருபவர்களுக்கு, விடுதலைக்கு முந்தைய 30 நாட்களில் உடல், மனநலப் பரிசோதனைகள் செய்ய வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் அமலுக்கு வந்திருக்கிறது. நன்றி, வணக்கம்.