தமிழ் நாளிதழ் நிருபருக்கு வெளிநாட்டு ஃபெலோஷிப் கிடைக்குமா?

அடுத்த கேள்வி மதுரையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. "வயது 26. மூன்று ஆண்டுகளாகத் தமிழ் நாளிதழில் நிருபர். எழுதியதெல்லாம் தமிழில், அதுவும் உள்ளூர்ச் செய்தி. வெளிநாட்டு ஃபெலோஷிப்புக்கு நான் விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக விண்ணப்பிக்கலாம், தம்பி. உங்கள் வயதுக்காரர்களுக்கென்றே சில திட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆல்ஃபிரட் ஃபிரெண்ட்லி பிரஸ் பார்ட்னர்ஸ். வாஷிங்டன் போஸ்ட்டில் நிர்வாக ஆசிரியராக இருந்த ஆல்ஃபிரட் ஃபிரெண்ட்லி 1983இல் தொடங்கியது. 1967 மத்திய கிழக்குப் போர்ச் செய்திகளுக்காகப் புலிட்சர் பரிசு வாங்கியவர் அவர். முதலில் மிசௌரி பல்கலைக்கழக இதழியல் பள்ளியில் பயிற்சி, அப்புறம் சில மாதங்கள் ஓர் அமெரிக்கச் செய்தி நிறுவனத்தில் வேலை. சுற்றிப் பார்த்துவிட்டு வருகிற பயணம் இல்லை. அங்கிருக்கும் நிருபர்களோடு சேர்ந்து செய்தி எழுத வேண்டும்.

இன்னொன்று டாக் ஹமர்ஷோல்ட் நிதியத்தின் ஃபெலோஷிப். 1961இல் காங்கோ சமாதானப் பேச்சுக்குப் போகும் வழியில் விமானம் விழுந்து இறந்த ஐ.நா. பொதுச் செயலாளரின் பெயரில், ஐ.நா.வில் செய்தி சேகரிக்கும் பத்திரிகையாளர்களே நடத்துகிறார்கள். வயது 25 முதல் 35 வரை. செப்டம்பரில் பொதுச் சபை கூடும்போது நியூயார்க் போய் அங்கிருந்து செய்தி அனுப்ப வேண்டும். விமானக் கட்டணம், தங்குமிடம், தினப்படி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். எடுப்பது வழக்கமாக நான்கு பேரைத்தான். முந்தைய ஆண்டு தேர்வானவர்களின் நாட்டிலிருந்து மறு ஆண்டு யாரையும் எடுப்பதில்லை. அதனால் பட்டியலைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

சரி, மொழிக்கு வருகிறேன். செய்தி எழுதும் அளவுக்கு ஆங்கிலம் வேண்டும், அதில் சமாதானம் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் தமிழில் எழுதியது ஒரு குறையே இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்போடு மாதிரிச் செய்திகளைக் கொடுப்பதுதான் வழக்கம். அமைச்சர் பேட்டி, அறிக்கைச் செய்தி எதையும் வைக்காதீர்கள். நீங்களே அலைந்து, ஆர்.டி.ஐ. போட்டு, கோப்பைத் தோண்டி எடுத்த செய்தியை வையுங்கள். செல்லூர் கண்மாய் நிரம்பினால் யார் வீட்டுக்குள் தண்ணீர் போகும் என்று மதுரை வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரருக்கு அந்த ஒரு வரி இல்லையென்றால் முழுச் செய்தியும் புரியாது. அந்த வரியைச் சேர்த்து எழுதுங்கள். உள்ளூர்ச் செய்தியை நீங்கள் குறைவாக நினைக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. வைகையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அங்கே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் யாருக்கும் தெரியாது.

நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது பத்திரிகை ஆசிரியரிடம் வாங்கும் பரிந்துரைக் கடிதத்தில்தான். "நல்ல பையன், கடின உழைப்பாளி, வாழ்த்துகள்" என்று லெட்டர்ஹெட்டில் நாலு வரி வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தச் செய்தியை எப்படிக் கொண்டுவந்தார், அதனால் என்ன நடந்தது, திரும்பி வந்ததும் அலுவலகத்தில் என்ன பொறுப்பு கொடுக்கப்போகிறோம் என்று அதில் இருக்க வேண்டும். ஹமர்ஷோல்ட் திட்டத்தில் மூன்று மாதம் வரை உங்களை விடுவிக்கவும், நீங்கள் அனுப்புவதை வெளியிடவும் நிறுவனம் சம்மதிக்க வேண்டும். சின்னப் பத்திரிகையில் ஓர் ஆளை மூன்று மாதம் விடுவது லேசான காரியமா? கடைசி வாரத்தில் போய் நின்றால் மறுக்கத்தான் செய்வார்கள். இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். "நம் பத்திரிகைக்குச் செலவில்லாமல் ஐ.நா.விலிருந்து நேரடிச் செய்தி வரும் சார்" என்று சொல்லிப் பாருங்கள், எந்த ஆசிரியருக்கும் அது பிடிக்கும்.

அப்புறம், இடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தந்த அமைப்பின் தளத்திலேயே நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஹமர்ஷோல்ட் அறிவிப்பு பெரும்பாலும் ஆண்டின் தொடக்க மாதங்களில் வரும். பாஸ்போர்ட் இல்லையென்றால் அதற்கு முன்னாலேயே எடுத்து வையுங்கள்.