ரூடி புறப்பாடு: 1500 அடியில் நின்றேவிட்டது!

வணக்கம் மக்களே! நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு நடந்தது, சந்தோஷத்தில் அப்புறம் தூக்கமே வரவில்லை. டேட்டர்பரோ விமான நிலையத்திலிருந்து கிளம்புவதற்கு வகுத்து வைத்த ஒரு வழிதான் ரூடி புறப்பாடு, அதை விமான சிமுலேட்டரில் உயரம் பிசகாமல் முடித்துவிட்டேன்.

போன மூன்று வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், மூன்றிலும் மேலே போய்விட்டேன், ஒன்றில் 1900 வரை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: நியூயார்க்கை ஒட்டி நியூ ஜெர்சியில் இருக்கிறது டேட்டர்பரோ, தனியார் ஜெட்கள்தான் அதிகம். ஓடுபாதை 24இல் கிளம்பினால் வென்ட்ஸ் என்ற புள்ளியை 1500 அடியில் கடக்க வேண்டும், அதற்கப்புறம்தான் 2000. தலைக்கு மேலேயே பக்கத்து நியூவார்க் விமான நிலையத்தில் இறங்கும் பெரிய விமானங்கள் வரும். நிஜ விமானிகளே இங்கே திரும்பத் திரும்ப உயரம் தவறியிருக்கிறார்கள்.

நிமிடத்துக்கு 3000 அடி ஏறினால் 1500க்கு முப்பதே விநாடி. அதற்குள் சக்கரத்தை உள்ளே இழுக்க வேண்டும், இறக்கையின் ஃபிளாப்பை மடக்க வேண்டும், பவரைக் குறைக்க வேண்டும், போதாததற்கு அலைவரிசையை மாற்று என்று டவர் கூப்பிடும். ரேடியோ பக்கம் குனிந்து நிமிர ஆறு விநாடி ஆனால் 300 அடி போய்விடும். இதற்கு "ஆட்டோபைலட் பார்த்துக்கொள்ளும்" என்று கமெண்ட் போடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. 2000 என்று காதில் விழுந்ததும் கை 2000 வைத்துவிடும், சும்மா ஏறச் சொன்னால் ஆட்டோபைலட் 1500ஐத் தாண்டி நேரே அந்த 2000க்குப் போகும். என் மூன்று தவறில் இரண்டு இதுதான்.

சரி, இப்போது ஆட்டோபைலட்டுக்கு உயரம் வைக்கும் குமிழ். மவுஸ் சக்கரத்தால் உயரம் வைப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஒரு சுழற்றில் எங்கேயோ போய் நிற்கும். ரிச்சி தெருவில் 80 ரூபாய்க்கு ஒரு ரோட்டரி என்கோடர் வாங்கினேன், டிக் டிக்கென்று படிப்படியாகச் சுழலும் குமிழ் அது. முதல் நாள் ஒரு டிக்குக்கு இரண்டு படி தாவியது. இரண்டு ராத்திரி போராடி, குட்டி கெப்பாசிட்டர் இரண்டை சால்டர் பண்ணினதும் சரியாகிவிட்டது. இப்போது ஒரு டிக் என்றால் 100 அடி, விரலுக்கே தெரிகிறது. எண்பதே ரூபாய்!

ஆங், ஒன்று விட்டுப்போனது. 10,000 அடி வரை கதவைச் சாத்திவிடுகிறேன், ஃபோன் அடுத்த அறையில். அமெரிக்காவில் 1981இல் வந்த விதி அது, 10,000 அடிக்குக் கீழே காக்பிட்டில் வேறு பேச்சே கூடாது. ஏறும்போது நடந்ததில்லை என்றாலும் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமான விபத்து எனக்கு மறக்கவே மறக்காது. 1972 டிசம்பர் 29, மயாமி பக்கம், மூக்குச் சக்கரத்தின் விளக்கு எரியவில்லையென்று எல்லோரும் அந்த ஒரு பல்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். 2000 அடியிலிருந்து விமானம் இறங்குவதை யாருமே கவனிக்கவில்லை. 101 பேர் போய்விட்டார்கள், ஒரு பல்புக்காக.

அதனால்தான் நேற்று கிளம்பும் முன்பே 1500 வைத்து வாய்விட்டுச் சொன்னேன். அதற்கு இன்னும் 500 அடி இருக்கும்போது மறுபடி சொன்னேன். அலைவரிசை மாற்றச் சொன்னார்கள், விமானம் ஏறுவதை நிறுத்தி மட்டமாகும் வரை கை ரேடியோ பக்கமே போகவில்லை. 1500இல் நின்றது! வென்ட்ஸ் தாண்டியதும் ஐந்து டிக், 2000. இப்போது ஓட்டிக் காட்டுகிறேன், ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், அந்த ஐந்தும் தனித்தனியாகக் கேட்கும்.