மூன்று மாதத்துக்குப் பிறகு முகத்தில் என்ன நடக்கிறது?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தோல் மருத்துவராகப் பணியாற்றும் நான் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு: "முதல்ல மருந்து நல்லா கேட்டுச்சு டாக்டர், இப்ப அப்படியே நிக்குது." முகப்பருவுக்காக வந்தவரும் சொல்கிறார், கன்னத்தில் கருமை படரும் மங்குக்காக வந்தவரும் சொல்கிறார். சொல்லிவிட்டு, வேறு கிரீம் எழுதித் தரச் சொல்கிறார். கிரீமை மாற்றுவதற்கு முன்னால் பார்க்கவேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

தொடக்கத்தில் விரைவாகத் தெரியும் மாற்றம் பெரும்பாலும் தோலின் மேற்பரப்பில் நடப்பது. ஈரப்பதம் தரும் கிரீமைத் தடவத் தொடங்கிய சில நாட்களிலேயே வறண்ட செதில்கள் அடங்கி முகம் பளிச்சென்று தெரியும். ஆனால் மேல்தோலின் அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே வந்து உதிர்வதற்கு இளம் வயதினருக்கே ஏறக்குறைய 28 நாட்கள் ஆகும். வயது ஏற ஏற அது 40 நாட்களையும் தாண்டும். பருவுக்குக் கொடுக்கும் ட்ரெட்டினாயின் போன்ற மருந்துகள் பலன் காட்ட 8 முதல் 12 வாரங்கள் ஆகும் என்பதும், அதற்கு முன் சில வாரங்கள் பரு கூடியதுபோலக்கூடத் தோன்றலாம் என்பதும் இதனால்தான். மெல்லிய சுருக்கங்கள் குறையவோ பல மாதங்கள் வேண்டும். நம் பக்கத்தில் கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும்: மேல்மண் ஒரே நாளில் ஆள் உயரம் இறங்கும், பாறை தட்டியபின் முழம் முழமாகத்தான் இறங்கும். வேலை நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

மங்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேல்தோலில் இருக்கும் கருமை, உதிரும் செல்களோடு சேர்ந்து ஓரளவு விரைவில் குறையும்; அதைத் தாண்டி உட்தோலுக்குள் இறங்கிவிட்ட நிறமியை உடல் மிக மெதுவாகத்தான் அகற்றும். இரண்டும் ஒரே கன்னத்தில் கலந்திருக்கும்போது, முதல் பாதி குறைந்ததும் இரண்டாம் பாதி அசையாமல் நிற்பதுபோலத் தோன்றுவது இயற்கையே.

ஆயினும் எல்லாவற்றையும் இயற்கையின் மேல் போட்டுவிடவும் முடியாது. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் மங்குக்காக வந்துகொண்டிருந்தார். முதலில் இரண்டு கன்னங்களும் ஒன்றுபோலத் தெளிந்தன. பிறகு வலது கன்னம் மேலும் தெளிய, இடது கன்னம் மட்டும் நின்றுவிட்டது. மருந்தின் மேல் குறை இருந்தால் இரண்டு பக்கமும் அல்லவா நின்றிருக்கவேண்டும்? விசாரித்ததில், அவருடைய மேசைக்கு இடப்புறம் மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் இருப்பது தெரிந்தது. உச்சிவேளைக்குப் பின் முழு வெயிலும் அந்தக் கன்னத்தில்தான். காலை ஏழு மணிக்குச் சன்ஸ்கிரீன் தடவுவார். "நான் வெயில்லயே போறதில்லையே டாக்டர்" என்று உண்மையாகவே நம்பினார். தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் புற ஊதா பி கதிர்களைத்தான் ஜன்னல் கண்ணாடி பெருமளவு தடுக்கும். புற ஊதா ஏ கதிர்களும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் அதைக் கடந்து வரும், இரண்டுமே மங்கை வளர்க்கும். அவருக்குத் திரை போடச் சொன்னேன், அந்த வெளிச்சத்தையும் தடுக்கும் இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்கிரீனை மதியம் ஒருமுறை மீண்டும் தடவச் சொன்னேன். மற்ற மருந்துகளில் ஒன்றையும் மாற்றவில்லை. சில மாதங்களில் இடது கன்னமும் வலது கன்னத்தை எட்டியது.

அளவைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், திரும்பத் திரும்பச் சொல்லியாகவேண்டும். வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்டும் சன்ஸ்கிரீனின் எஸ்.பி.எஃப். எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துக் கணக்கிட்டது. முகத்துக்கும் கழுத்துக்கும் அது ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவாகும். புதிய குழாய் வாங்கிய மாதத்தில் தாராளமாகத் தடவுகிறோம். விலை நினைவுக்கு வந்ததும் பட்டாணி அளவாகச் சுருக்கிவிடுகிறோம். முன்னேற்றம் தளர்ந்த மாதமும், குழாய் வழக்கத்தைவிட நீண்ட நாள் வந்த மாதமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் வியர்வையோடு அதுவும் வழிந்துபோகிறது என்பதை மறக்கவேண்டாம்.

நான் மிகவும் அஞ்சுவது வேறொன்றை. மெதுவான முன்னேற்றத்தில் பொறுமை இழந்தவர்கள் மருந்துக்கடையில் யாரோ சொன்ன ட்யூப் ஒன்றை வாங்கிப் போடுகிறார்கள். ஒரே வாரத்தில் முகம் வெளுக்கிறது, பரு அடங்குகிறது. அதில் இருப்பது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, முடியும் முளைக்கும். நிறுத்தினால் எரிச்சலும் பருவும் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். எரிச்சல் தாங்காமல் மீண்டும் அதையே போடுவார்கள். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியும், அந்த முகங்கள் இன்னும் என் முன்னால் வந்து அமர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. பிள்ளைகள் இப்படி ஒரு ட்யூபைப் பயன்படுத்தினால், பெற்றோர் அதைப் பறித்து எறியாமல், ட்யூபையும் பிள்ளையையும் சேர்த்தே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். திடீரென நிறுத்துவதும் துன்பம் தரும்.

நேரம் நெருங்கிவிட்டது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுக்கும் புகைப்படத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்குத் தெரியாத மாற்றம் அதில் தெரியும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கழுத்தின் பின்புறம் தடித்துக் கருத்திருப்பவர்கள் மட்டும் இதைக் கேளுங்கள்: அது அழுக்கு அல்ல, தேய்த்தால் போகாது. பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. அடுத்த கிரீமுக்கு முன் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். நன்றி, வணக்கம்.