வெள்ளி கிரகத்தை சாட்சிக்குக் கூப்பிட்ட கதை

(கொடைக்கானல்ல ஒரு ஞாயித்துக்கிழமை வாசகர் கூட்டத்துல பேசினது. ரெக்கார்டிங்கைக் கேட்டு டைப் பண்ணேன், சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். அறிவியல் தத்துவம், அறிவியல் வரலாறுன்னு தலைப்பு போட்டா பத்து பேர் வந்தா பெருசுன்னு நினைச்சேன், மழைக்கு ஒதுங்கினவங்களையும் சேத்து நல்ல கூட்டமாத்தான் இருக்கு. ஒதுங்கினவங்க மழை விட்டதும் கிளம்பிடாதீங்க, நான் பேசப் போறது உங்க ஊரு கதை.

அப்சர்வேட்டரி ரோட்டுல தினமும் போய் வர்றோம். டூரிஸ்ட்டுக்கு அது ஒரு ஸ்பாட்டு. ஆனா விஞ்ஞானம் எப்படி நடக்குதுன்னு தத்துவத் துறையில மண்டையை உடைச்சுக்கறாங்களே, அதுக்கு உலகத்துலயே ஒரு நல்ல கேஸ் அந்த மேட்டு மேல நடந்திருக்கு. இதை நம்ம காலேஜ்கள்ல யாரும் சொல்லித் தர்றதில்லங்கறது எனக்கு ரொம்ப நாளா ஒரு எரிச்சல்.

முதல்ல பாப்பர். கார்ல் பாப்பர், வியன்னாக்காரர். 1919 மே 29 அன்னைக்கு சூரிய கிரகணம், இங்கிலாந்து வானியல்காரர் எடிங்டனோட குழு போட்டோ எடுத்துட்டு வந்து, நவம்பர்ல லண்டன்ல ஐன்ஸ்டைன் சொன்ன மாதிரியே சூரியன் பக்கத்துல வெளிச்சம் வளையுதுன்னு அறிவிக்கறாங்க. அப்ப பாப்பருக்கு 17 வயசு. அவரை அசத்தினது ஐன்ஸ்டைன் ஜெயிச்சது இல்ல, தோத்திருக்கலாமேங்கறது. ஒரு தியரி தலையைக் கொண்டு போய் வெட்டுக்கட்டையில வைக்குது பாருங்க, அதுதான் சயின்ஸ், எது நடந்தாலும் "பாத்தியா நான் சொன்னேன்ல"ன்னு சொல்ற தியரி சயின்ஸ் இல்ல. அவரோட மொத்த தத்துவமும் இங்கருந்து கிளம்புது. ஐன்ஸ்டைனே இன்னொண்ணும் சொல்லிருந்தாரு, சூரியனோட ஈர்ப்பால அதோட ஸ்பெக்ட்ரம் கோடுங்க, அதாவது வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிச்சா நடுநடுவே தெரியற கறுப்புக் கோடுங்க, சிவப்புப் பக்கம் நகரணும், நகரலன்னா என் தியரி நிக்காதுன்னு. பாப்பருக்கு இது லட்டு மாதிரி உதாரணம்.

சரி, அந்தக் கோடு நகந்துச்சா இல்லையான்னு அளந்த முக்கியமான ரெண்டு இடம் எதுன்னா, கலிஃபோர்னியாவுல மவுண்ட் வில்சன், அப்புறம் நம்ம கொடைக்கானல்.

இங்க எதுக்கு சூரியனைப் பாக்க ஆரம்பிச்சாங்கங்கறதையே கொஞ்சம் கவனிக்கணும். தாது வருஷப் பஞ்சம், 1876ல இருந்து 78 வரைக்கும், நம்ம பாட்டன் பூட்டன் வாயில அடிபட்ட பஞ்சம். அது முடிஞ்ச கையோட, சூரியப் புள்ளிக்கும், அதாவது சூரியன் மேல வந்து போற கறுப்புத் திட்டுக்கும், மழைக்கும் சம்பந்தம் இருக்கு, புள்ளி குறைஞ்சா பருவமழை பொய்க்கும்னு ஒரு கருத்து அரசாங்க வட்டாரத்துல ஓடுச்சு. மலை மேல சூரியனை விடாம பாக்க ஒரு நிலையம் வேணும்ங்கற பேச்சுக்கு இது பெரிய உந்துதல். மிக்கி ஸ்மித்னு ஒரு வானியல்காரர் நீலகிரியையும் பழனி மலையையும் சுத்திப் பாத்துட்டு வந்தாரு, கடைசில கொடைக்கானல்னு முடிவாச்சு, 1895ல அடிக்கல், 1899ல மெட்ராஸ்லருந்து வேலையை இங்க மாத்துனாங்க, 1901ல பார்வை ஆரம்பம். பஞ்ச காலத்துலயும் தானியம் கப்பல் ஏறிப் போய்க்கிட்டுதான் இருந்துச்சு. பஞ்சத்துக்குக் காரணம் சூரியன்னு சொல்லிட்டா கலெக்டரை யாரும் கேள்வி கேக்க வேண்டியதில்ல பாருங்க. அந்தத் தியரி எதிர்பார்த்த மாதிரி பலிக்கல. ஆனா அதை நம்பிக் கட்டின கட்டடத்துல எடுத்த சூரியப் படங்க இன்னைக்கு நூறு வருஷத்துக்கு மேல தொடர்ச்சியா இருக்கு, உலகத்துல ரொம்ப சில இடத்துலதான் இப்படி இருக்கு. தப்பான காரணத்துக்குத் தொடங்கினது சரியான பலன் தர்றதை பாப்பரோட கணக்குல எந்தக் கட்டத்துல போடறது? எனக்குத் தெரிஞ்சு அவருகிட்ட அப்படி ஒரு கட்டம் இல்ல.

இப்ப எவர்ஷெட். ஜான் எவர்ஷெட், இங்கிலாந்துல அமெச்சூரா சூரியனைப் பாத்துக்கிட்டு இருந்தவரு, 1907ல இங்க வந்தாரு. அவரு மனைவி மேரி எவர்ஷெட்டும் தேர்ந்த வானியல் ஆள், ரெண்டு பேரும் சேந்து சூரிய விளிம்புல எழும்பற தீப்பிழம்புகளைப் பத்தி 1917ல ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டாங்க. அந்தம்மா பேரைச் சொல்றவங்க குறைவு. 1909 ஜனவரில எவர்ஷெட் ஒரு சூரியப் புள்ளியோட ஸ்பெக்ட்ரத்தைப் படம் எடுக்கறாரு. அப்ப அமெரிக்காவுல ஹேல்ங்கற வானியல்காரர் புள்ளிக்குள்ள காந்தப்புலம் இருக்குன்னு கண்டுபிடிச்ச சூடு ஆறல, புள்ளின்னா ஒரு சுழல், வாயு சுத்திச் சுத்தி ஓடும்னுதான் எல்லாரும் எதிர்பாக்கறாங்க. இங்க எடுத்த போட்டோ தட்டுல சுத்தலைக் காணோம், நடுவுலருந்து வெளிய நேரா ஓடுது. உலகம் பூரா பாடப்புத்தகத்துல எவர்ஷெட் விளைவுன்னு இருக்கறது அதுதான். ஆக எதிர்பார்த்ததுக்கு மாறா ஒரு தட்டு பேசும், அது நிஜம். தியரியை வச்சுத்தான் எல்லாத்தையும் பாக்கறோம், கண்ணால பாக்கறது எதுவும் இல்லன்னு சொல்ற கட்சிக்கு நான் போகாததுக்கு இந்த ஒரு தட்டு போதும்.

ஆனா சிவப்புப் பக்க நகர்வு அப்படி லேசுல பேசல.

பத்தலகுண்டு ரோட்டுல எதிர்க்க வர்ற பஸ்ஸோட ஹாரன் கிட்ட வர்றப்ப கீச்சுன்னு இருந்து தாண்டினதும் தொங்கிப் போகுதுல்ல, வெளிச்சத்துக்கும் அப்படித்தான், விலகிப் போற பொருளோட கோடுங்க சிவப்புப் பக்கம் நகரும். ஐன்ஸ்டைன் சொன்ன ஈர்ப்பு நகர்வோட அளவு பத்து லட்சத்துல ரெண்டு பங்கு. வேகமா மாத்திச் சொன்னா நொடிக்கு சுமார் 636 மீட்டர். சூரியன் மேல வாயுவெல்லாம் சாதாரணமாவே இந்த மாதிரி வேகத்துலதான் மேலயும் கீழயும் கொதிக்குது, அப்ப எது ஈர்ப்பு எது கொதிப்புன்னு எப்படிப் பிரிப்பீங்க?

எவர்ஷெட் அளந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணாடித் தட்டுல இருக்கற நெகட்டிவை ஒரு பாசிட்டிவ் காப்பி எடுத்து, அதைத் திருப்பிப் போட்டு, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு மைக்ராஸ்கோப்புல பாத்துக்கிட்டே ஸ்க்ரூவைத் திருகணும். கறுப்புக் கோடு மேல வெள்ளைக் கோடு சரியா உக்காந்ததும் கோடே மறைஞ்ச மாதிரி ஆயிடும், அங்க ஸ்கேலைப் படிக்கணும். மங்கலான கோடா இருந்தாலும் இதுல தப்பு குறையும்.

இப்படி அளந்தா நகர்வு இருக்கு. ஐன்ஸ்டைன் பிரச்சினை வர்றதுக்கு முன்னாடியே இது தெரியும், சூரியக் கோடுங்க லேப்ல எடுக்கற கோட்டை விட லேசா சிவப்புப் பக்கம் இருக்கும், அதுக்கு அழுத்தம்தான் காரணம்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எவர்ஷெட் அழுத்தம் ஒத்து வரலன்னு காட்டினாரு. அப்ப வாயு கீழ இறங்குதா? இறங்கினா சூரியனோட நடுவுல நகர்வு தெரியணும், விளிம்புல தெரியக் கூடாது, ஏன்னா விளிம்புல இறங்கறது நமக்குக் குறுக்கால போறது. ஆனா நடக்கறது நேர் எதிர், விளிம்புலதான் நகர்வு அதிகம். அதை அப்படியே வேகம்னு எடுத்துக்கிட்டா, சூரியனோட விளிம்பு பூரா நம்மளை விட்டு விலகி ஓடுதுன்னு அர்த்தம். பூமியைப் பாத்து சூரிய வாயு ஒதுங்குதா என்ன? எவர்ஷெட் அதையும் சிரிக்காம எழுதி வச்சாரு, பூமி விளைவுன்னே பேரு வச்சாங்க.

கேக்க கிறுக்குத்தனமா இருக்கு. ஆனா அடுத்து அவரு செஞ்சது அழகு. பூமிதான் காரணம்னா, பூமியைப் பாக்காம அந்தப் பக்கம் திரும்பியிருக்கற சூரிய முகத்துல இந்த நகர்வு இருக்கக் கூடாது. அந்தப் பக்கத்தை எப்படிப் பாக்கறது? வெள்ளி கிரகம் சூரியனுக்கு அப்பால இருக்கறப்ப அது வாங்கித் திருப்பி அனுப்பற வெளிச்சம் அந்த முகத்துலருந்துதான வருது. வெள்ளியோட ஸ்பெக்ட்ரத்தை எடுத்தாரு. பாப்பர் கேட்ட மாதிரியே தலையை வெட்டுக்கட்டையில வச்ச சோதனை, வச்சது ஒரு கிறுக்குத் தியரியோட தலையை. முதல்ல வந்த அளவு என்ன சொல்லுச்சுன்னா, பூமி விளைவு பாஸாயிடுச்சு!

1921ல மவுண்ட் வில்சன்ல செயின்ட் ஜானும் நிக்கல்சனும் ஒரு கோளாறைக் காட்டினாங்க. வெள்ளி அடிவானத்துக்குக் கிட்ட தாழ இருக்கறப்ப நம்ம காத்து மண்டலம் வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிச்சு வளைக்குது, அதனால கருவிக்குள்ள வெளிச்சம் நுழையற மெல்லிய பிளவுல அது சமமா விழல, கோடு நகந்த மாதிரி தெரியுது. அந்தச் செயின்ட் ஜானே 1917ல ஐன்ஸ்டைன் சொன்ன நகர்வைக் காணோம்னு எழுதினவரு. 1923 வாக்குல ரெண்டு மலையிலயும் ஐன்ஸ்டைன் சரிதான்னு ஒத்துக்கிட்டாங்க, எவர்ஷெட்டும் பூமி விளைவைக் கைவிட்டாரு.

இங்கதான் டூஹெம் வர்றாரு, 1906லயே சொன்ன ஃபிரெஞ்சுக்காரர். ஒரு கருதுகோளைத் தனியா சோதிக்கவே முடியாது, அதோட கருவி, காத்து, கணக்குன்னு ஒரு கும்பலையே சேத்துத்தான் சோதிக்கறோம், முடிவு இடிச்சா கும்பல்ல யாரு குத்தவாளின்னு சோதனை சொல்லாது. கிளாஸ்ல இதை போர்டுல எழுதிப் போட்டா பசங்க கொட்டாவி விடறாங்க. வெள்ளியைச் சொன்னா நிமிந்து உக்காருவாங்க.

வரலாற்று ஆய்வாளருங்க இதைக் குடைஞ்சிருக்காங்க. 1980ல ஜான் இயர்மன், கிளார்க் கிளைமோர்னு ரெண்டு பேரு எழுதின கட்டுரை பெரிய விவாதம் ஆச்சு. அவங்க வாதத்தைச் சுருக்கிச் சொன்னா, 1919 கிரகணச் செய்திக்கு முன்னாடி யாரும் இந்த நகர்வை உறுதின்னு சொல்லல, செய்தி வந்த கொஞ்ச வருஷத்துல எல்லாருக்கும் உறுதியாயிடுச்சு, அளவுகள் பெருசா மாறல, படிக்கற கண்ணு மாறிடுச்சு. நான் பாதி ஒத்துக்கறேன். காத்து அடிச்ச பக்கம் சாஞ்சாங்கன்னு மட்டும் சொன்னா, அந்த வெள்ளிக் கோளாறைக் கண்டுபிடிச்ச உழைப்பு காணாமப் போகுது. சூரியனோட நடுவுல ஏன் நகர்வு குறையுதுங்கறதுக்கு, சூடா மேல எழும்பற வாயுன்னு ஒரு பதில் அப்பவே இருந்துச்சு, ஆனா கணக்கு முழுசா நேராக இன்னும் பல பத்து வருஷம் ஆச்சு. 1962ல பிரால்ட்னு ஒரு ஆய்வாளர் சோடியம் கோட்டை வச்சு சுத்தமா அளந்தாரு, 2020ல நிலாவுல பட்டுத் திரும்பின சூரிய வெளிச்சத்தை வச்சு மறுபடி அளந்தாங்க. வேற ஒரு பொருள் மேல பட்டு வர்ற வெளிச்சத்தை நம்பறதுங்கற யோசனை பழசுதான் பாருங்க.

கேள்வி நேரத்துல, பின்னாடி நின்ன ஒரு தம்பி கேட்டாப்ல, "சார், அப்ப எவர்ஷெட் பூமி விளைவைக் கைவிட்டது நியாயமா, இல்ல ஐன்ஸ்டைன் பேருக்குப் பயந்தா?"

தம்பி, இதுக்கு நானோ நீங்களோ கருத்து சொல்றது வேஸ்ட். கொடைக்கானல் அப்சர்வேட்டரி புல்லட்டின்னு அந்தக் காலத்துல அச்சடிச்சது இருக்கு, இந்திய வானியற்பியல் நிறுவனம் ஸ்கேன் பண்ணி இணையத்துல வச்சிருக்கு, அளவு அட்டவணைங்க அதுல கிடைக்கும். எந்தத் தேதி, எத்தனை மணின்னு குறிச்சிருக்கற இடத்துல ஸ்டெல்லேரியம்னு இலவச சாஃப்ட்வேர்ல கொடைக்கானலைப் போட்டா, அன்னைக்கு வெள்ளி அடிவானத்துலருந்து எத்தனை டிகிரி உயரத்துல நின்னுச்சுன்னு காட்டிடும். ஒரு எக்செல் ஷீட்டுல உயரத்தையும் நகர்வையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. தாழ நின்ன நாள்லதான் நகர்வு அதிகமாத் தெரிஞ்சுதுன்னா செயின்ட் ஜான் சொன்னது இங்கயும் பொருந்துது, அவரு கைவிட்டது நியாயம். பொருந்தலன்னா உங்களுக்கு ஒரு பிஎச்டி டாபிக் ரெடி. ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்ட்ல இது வரலாறும்பாங்க, ஹிஸ்டரில போய்க் கேட்டா ஃபிசிக்ஸும்பாங்க, கைடு கிடைக்கறதுதான் கொஞ்சம் கஷ்டம்.