ஃபிட் நோட்டில் யாரும் தொடாத கட்டம்

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? சரி.

பிரிட்டனில் உடம்புக்கு முடியாமல் ஏழு நாள் வரை வேலைக்குப் போகாவிட்டால் டாக்டர் சீட்டு வேண்டாம், நாமே எழுதிக் கொடுத்தால் போதும். அதைத் தாண்டினால் ஃபிட் நோட் கேட்பார்கள், அதாவது வேலை பார்க்க முடியுமா என்று டாக்டர் எழுதித் தருகிற சீட்டு. வேலை பார்க்கும் வயதினரின் உடல்நலம் பற்றி டேம் கேரல் பிளாக் என்ற மருத்துவர் 2008-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 2010 ஏப்ரலில் பழைய சிக் நோட்டுக்குப் பதிலாக வந்தது இது. இதில் இரண்டு கட்டம் உண்டு. ஒன்று, வேலைக்குத் தகுதியில்லை. இன்னொன்று, சில மாற்றம் செய்தால் வேலை பார்க்கலாம். அந்த இரண்டாவதற்குக் கீழே நாலு சின்னக் கட்டம் இருக்கிறது: படிப்படியாகத் திரும்புவது, நேரத்தை மாற்றுவது, செய்கிற வேலையை மாற்றுவது, வேலையிடத்தில் வசதி செய்வது. டாக்டர் தன் கையால் எழுதவும் இடம் விட்டிருக்கிறார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இங்கிலாந்தில் ஜி.பி.க்கள், அதாவது குடும்ப டாக்டர்கள், கொடுக்கிற சீட்டுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் முதல் கட்டத்தில்தான் டிக் விழுகிறது.

டாக்டரைத் திட்டிப் பயனில்லை. அவருக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதில் வலியைக் கேட்டு, தொட்டுப் பார்த்து, மருந்தும் எழுதவேண்டும். நீங்கள் "வேர்ஹவுஸில் வேலை" என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிறீர்களா, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறீர்களா, கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கிறீர்களா? தெரியாதபோது 'நாலு வாரம் ஓய்வு' என்பதுதான் யாருக்கும் வம்பில்லாத பதில். ஊழியர்களின் உடல்நலத்தைப் பார்க்கிற தொழில் நலப் பிரிவில் இந்தச் சீட்டுகளைப் படிப்பதுதான் என் பிழைப்பு. 'இடுப்பு வலி, தகுதியில்லை' என்று வருவதை வைத்துக்கொண்டு மேனேஜரிடம் நான் எதையும் பேச முடியாது. 'மூன்று வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கவேண்டும்' என்று ஒரு வரி இருந்தால் அன்றைக்கே பேச்சைத் தொடங்கிவிடலாம்.

அதனால் டாக்டரிடம் போகும்போது உங்கள் வேலையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். எவ்வளவு தூக்குவீர்கள், எத்தனை மணி நேரம் நிற்பீர்கள், இரவு ஷிஃப்டா, எதை மாற்றிக் கொடுக்க மேனேஜர் தயார் என்பதெல்லாம். கடைசி விஷயத்தை முன்கூட்டியே கேட்டு வைப்பது மேனேஜர்களுக்கும் நல்லது, அவர்களே அதை எழுதிக் கொடுத்தனுப்பினால் இன்னும் நல்லது.

2022 ஜூலையிலிருந்து நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்), பார்மசிஸ்ட் ஆகியோரும் இந்தச் சீட்டில் கையெழுத்துப் போடலாம். எலும்பு, தசை வலிக்கெல்லாம் பிசியோதான் பொருத்தமான ஆள் என்பது என் கருத்து. குனிவது, தூக்குவது, நிற்பது பற்றிப் பேசுவதுதானே அவர்களுடைய அன்றாட வேலை. ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, கேட்டால்தானே கிடைக்கும்!

அப்புறம் ஒரு குழப்பம். நம் ஊர் அரசு அலுவலகத்தில் மருத்துவ விடுப்பு முடிந்து சேரும்போது உடற்தகுதிச் சான்று கேட்பார்கள். அந்த நினைப்பிலோ என்னவோ, சீட்டில் போட்ட தேதி முடியும்வரை வேலைக்குப் போகக்கூடாது, போனால் இன்சூரன்ஸ் செல்லாது என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இங்கே அப்படிச் சட்டம் இல்லை. உடம்பு தேறிவிட்டால், நீங்களும் முதலாளியும் பேசி முடிவு செய்து, தேதிக்கு முன்னாலேயே திரும்பலாம். 'குணமாகிவிட்டார்' என்று எழுத அந்தச் சீட்டில் கட்டமே கிடையாது.

முதலாளி மாட்டேன் என்றால்? டாக்டரின் யோசனை அவரைக் கட்டாயப்படுத்தாது. அவரால் மாற்றம் செய்ய முடியாவிட்டால் அதே சீட்டையே 'தகுதியில்லை' என்று எடுத்துக்கொள்ளவேண்டும், புதுச் சீட்டுக்கு உங்களை மறுபடி அலைய விடக்கூடாது. நோய் நீண்டகால ஊனமாகக் கருதப்படும் அளவுக்குப் போயிருந்தால் கதை வேறு. அங்கே 2010 சமத்துவச் சட்டம் வரும், நியாயமான மாற்றங்களைச் செய்வது முதலாளியின் கடமையாகிவிடும்.

கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள், சம்பளம் பற்றித்தான் முதல் கேள்வி வரும் என்று தெரியும்.