மேயர் சொன்னா போலீஸ் கேட்குமா?

[காட்சி: இருட்டான தெரு. எரியாத விளக்குக் கம்பம்.]

எங்க தெருவுல மூணு விளக்கு எரியல. பத்து நாளா கும்மிருட்டு. ரெண்டு பைக் காணாம போச்சு. ஒரு அம்மாகிட்ட செயினைப் பறிக்கப் பாத்தாங்க, நல்லவேளை கத்திட்டாங்க. அந்த நேரம் பாத்து ஏரியா சபைக் கூட்டம் வந்துச்சு. பிளாஸ்டிக் சேர், கரகரன்னு ஒரு மைக், பேப்பர் கப்புல டீ. அந்த அம்மா எழுந்து நின்னு கவுன்சிலர்கிட்ட ரெண்டு விஷயம் கேட்டாங்க. தெருவிளக்கு ஒண்ணு. ராத்திரி போலீஸ் ரவுண்டு இன்னொண்ணு.

விளக்குக்கு கவுன்சிலர் சொன்ன பதில்: "நாளைக்கே ஆள் அனுப்பச் சொல்றேன்மா."

போலீஸுக்கு சொன்ன பதில்: "ஸ்டேஷன்ல சொல்லிப் பாக்குறேன்மா."

"சொல்றேன்" வேற, "சொல்லிப் பாக்குறேன்" வேற இல்லையா? ஒரே ஆள், ஒரே மூச்சுல, ஏன் ரெண்டு விதமா பேசுறார்? அதைத்தான் இந்த வீடியோவுல பாக்கப் போறோம்.

[காட்சி: ரிப்பன் மாளிகை. பிறகு வேப்பேரி காவல் ஆணையர் அலுவலகம்.]

சென்னையில கமிஷனர் ரெண்டு பேர். ஆட்டோக்காரர்கிட்ட வெறுமனே "கமிஷனர் ஆபீஸ்"னு சொன்னீங்கன்னா வண்டி வேப்பேரிக்குத்தான் போகும். அங்க இருக்கிறவர் போலீஸ் கமிஷனர், ஐ.பி.எஸ். இன்னொரு கமிஷனர் ரிப்பன் மாளிகையில இருக்கார். அவர் மாநகராட்சி ஆணையர், ஐ.ஏ.எஸ். ரோடு, குப்பை, விளக்கு எல்லாம் இவர் பொறுப்பு. ரெண்டு ஆபீஸுக்கும் நடுவுல பெரிய தூரம் இல்ல. ஆனா ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கீழ வேலை பாக்கல. ரெண்டு பேரையும் நியமிக்கிறது மாநில அரசு.

அப்ப மேயர்? மேயருக்கு சிவப்பு அங்கி உண்டு, தங்கச் சங்கிலி உண்டு, வெள்ளிச் செங்கோல் உண்டு. 2022 மார்ச்சுல பிரியா மேயரா பதவியேத்தப்ப அந்தச் செங்கோலோட நின்ன போட்டோவை நீங்க பாத்திருப்பீங்க. இத்தனையும் இருக்கிற மேயரால ஒரு கான்ஸ்டபிளை அடுத்த தெருவுக்கு மாத்த முடியாது.

ஒரு இன்ஸ்பெக்டர் யாருக்கு பதில் சொல்லணும்? உதவி கமிஷனர், துணை கமிஷனர், இணை கமிஷனர், கூடுதல் கமிஷனர், கமிஷனர். அதுக்கு மேல டி.ஜி.பி. அதுக்கு மேல கோட்டையில உள்துறைச் செயலர். போலீஸ் இலாகாவை பொதுவா முதலமைச்சரே கையில வச்சிருப்பார். இந்த ஏணியில எந்தப் படியிலயும் மேயர் கிடையாது, மாமன்றம் கிடையாது, கவுன்சிலர் கிடையாது. சம்பளம்? அதுவும் மாநில பட்ஜெட்டுல இருந்துதான். நீங்க கட்டுற சொத்து வரியில இருந்து போலீஸ் ஸ்டேஷன் சம்பளம் போகல.

[காட்சி: சிவப்புத் தீயணைப்பு வண்டி, எழும்பூர்.]

தீயணைப்பும் அப்படியேதான். ஸ்டேஷன் ஆபீசர், மாவட்ட அலுவலர்னு மேல போய் இயக்குநர்கிட்ட முடியும். அங்கிருந்து அதே உள்துறை. இதுல சின்ன வேடிக்கை ஒண்ணு இருக்கு. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூணு பேருக்கும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஒரே பரீட்சைதான் வைக்குது. யார் காக்கி போட்டு லத்தி பிடிக்கிறது, யார் ஹோஸ் பிடிக்கிறதுன்னு பிரிக்கிறதெல்லாம் பிற்பாடு. சட்டசபையில மானியக் கோரிக்கை வரும்போதும் போலீஸும் தீயணைப்பும் ஜோடியாத்தான் வரும்.

இதுக்கு என்ன காரணம்? சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. அரசியலமைப்போட ஏழாவது அட்டவணையில போலீஸ் மாநிலப் பட்டியல், ரெண்டாவது இனம். அதுல விவாதமே இல்ல. ஆனா தீயணைப்பு கதை வேற. 1992-ல கொண்டு வந்த 74-வது திருத்தம் நகராட்சிகளுக்குன்னு 12-வது அட்டவணையைச் சேத்துச்சு. மொத்தம் 18 வேலை. அதுல ஏழாவது, தீயணைப்புப் பணி. அப்ப சட்டப்படி மாநகராட்சிக்கு வந்திருக்கணுமே? இல்ல. 243-டபிள்யூ பிரிவு, மாநில சட்டமன்றம் இந்த அதிகாரங்களை "அளிக்கலாம்"னுதான் சொல்லுது. "அளிக்கணும்"னு சொல்லல. நம்ம கவுன்சிலரோட "சொல்லிப் பாக்குறேன்" மாதிரியே அரசியலமைப்புலயும் ஒரு வார்த்தை.

அந்த "லாம்"-ஐ ஊருக்கு ஊர் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கிட்டாங்க. மும்பையில தீயணைப்புப் படை இன்னைக்கும் மாநகராட்சியோடது, 1887-ல இருந்தே. தலைமைத் தீயணைப்பு அதிகாரி மாநகராட்சி கமிஷனருக்குத்தான் பதில் சொல்லணும். ஆனா அதே மும்பையில போலீஸ் மாநில அரசுகிட்ட. டெல்லி போலீஸோ ஒன்றிய உள்துறைகிட்ட. டெல்லி முதலமைச்சருக்கே அங்க கை எட்டாது.

[காட்சி: பழைய சென்னை வரைபடம். பெத்தநாயக்கன்பேட்டை வட்டமிடப்படுகிறது.]

சென்னையிலயும் எப்பவும் இப்படி இருந்ததில்ல. பாரிமுனை பக்கம் பெத்தநாயக்கன்பேட்டைன்னு ஒரு இடம் இருக்கு இல்லையா? பெத்த நாயக்கர்ங்கிறது ஒரு பதவி. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல கருப்பர் பட்டணத்தோட, அதாவது கோட்டைக்கு வெளிய நம்ம ஆளுங்க இருந்த பகுதியோட காவல் அவர் குடும்பத்துக்குப் பரம்பரை உரிமை. அவருக்குக் கீழ தலையாரிங்க. ஊருக்குள்ள வர்ற சரக்குல ஒரு சின்ன வரி, கொஞ்சம் வயல், இதுதான் கூலி. இதுல முக்கியமான நிபந்தனை என்னன்னா, திருட்டு போய் பொருள் கிடைக்கலன்னா அவரே ஈடு கட்டணும். கைக்காசுல! எங்க தெருவுல போன ரெண்டு பைக்கை நினைச்சு ஒரு நிமிஷம் பெருமூச்சு விட்டேன்.

மேயரும் அப்ப வெறும் செங்கோல் மேயர் இல்ல. 1688-ல மாநகராட்சி தொடங்கினப்ப மேயருக்கு கோர்ட்டே இருந்துச்சு. பேரே மேயர் கோர்ட். விசாரிக்கலாம், தண்டனை குடுக்கலாம். அப்புறம் கம்பெனி போய் ராணி ஆட்சி வந்து, 1888-ல சென்னை நகர போலீஸ் சட்டம் வந்துச்சு. கமிஷனர் அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்டவர், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் போனான், அந்த ஏற்பாடு போகல. ஆள வந்தவங்களுக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு.

[காட்சி: நியூயார்க் நகரமன்றத்தின் பழைய சித்திரம்.]

சரி, போலீஸை மேயர்கிட்டயே குடுத்துட்டா தீர்ந்துச்சான்னு கேப்பீங்க. அதுக்கு நியூயார்க் போகணும். வருஷம் 1857.

அப்ப நியூயார்க் மேயர் ஃபெர்னாண்டோ உட். நகரப் போலீஸ் அவர் கையில. தேர்தலுக்கும் வசூலுக்கும் அந்தப் போலீஸை அவர் பயன்படுத்துறார்னு எதிர்க்கட்சி கத்துது. மாநில சட்டமன்றம் எதிர்க்கட்சி கையில. அவங்க ஒரு சட்டம் போட்டு, மேயரோட போலீஸைக் கலைச்சு, மாநிலத்துக்குக் கீழ புதுசா ஒரு பெருநகரப் போலீஸ் உண்டாக்கினாங்க. மேயர் "கலைக்க மாட்டேன்"னுட்டார். விளைவு? ஒரே ஊருல ரெண்டு போலீஸ்.

ஜூன் 16. மேயரைக் கைது பண்ண வாரண்டோட ஜார்ஜ் வாலிங்னு ஒரு கேப்டன் தனியா நகரமன்றத்துக்குள்ள போறார். அவரே கொஞ்ச நாள் முன்னாடி வரை மேயர் போலீஸ்ல இருந்தவர்தான். உள்ள இருந்த மேயரோட போலீஸ் அவரைத் தூக்கி வெளிய போட்டுச்சு. அடுத்து புதுப் போலீஸ் கூட்டமா வந்துச்சு. நகரமன்றத்துப் படிக்கட்டுல போலீஸும் போலீஸும் தடியால அடிச்சுக்கிட்டாங்க. மண்டை உடைஞ்சுது. கடைசியில அந்தப் பக்கம் வந்துட்டிருந்த ஏழாவது படைப்பிரிவைக் கூட்டிட்டு வந்து, ராணுவத்தைக் காட்டித்தான் மேயரைப் பணிய வச்சாங்க. கோர்ட்டும் மாநிலத்துப் பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சு. 1870-ல போலீஸ் மறுபடியும் நகரத்துக்கே வந்துச்சு. இன்னைக்கு நியூயார்க்ல போலீஸ் கமிஷனர், தீயணைப்பு கமிஷனர் ரெண்டு பேரையும் நியமிக்கிறது மேயர்தான்.

இந்த இழுபறி பழங்கதைன்னு நினைச்சுடாதீங்க. மிசௌரி மாநிலத்துல செயின்ட் லூயிஸ் நகரப் போலீஸை 1861-ல மாநிலம் எடுத்துக்கிச்சு. 2013-ல நகரத்துகிட்ட திரும்பி வந்துச்சு. 2025-ல மாநிலம் மறுபடியும் எடுத்துக்கிச்சு. பந்து மாதிரி.

[காட்சி: லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீ. பிறகு நகரமன்ற அரங்கம்.]

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச சம்பவம் லாஸ் ஏஞ்சலஸ்ல நடந்தது. 2025 ஜனவரி 7, பாலிசேட்ஸ் தீ. அன்னைக்கு மேயர் கேரன் பாஸ் கானா நாட்டுல இருந்தார். ஊரே திட்டுச்சு. மூணு நாள் கழிச்சு தீயணைப்புத் தலைவர் கிறிஸ்டின் குரோலி டிவியில வந்து, நகர நிர்வாகம் எங்களைக் கைவிட்டுடுச்சுன்னு சொல்லிட்டார். யூனிஃபார்ம்ல இருக்கிற அதிகாரி, பதவியில இருக்கும்போதே, தனக்கு மேல இருக்கிற மேயரோட நிர்வாகத்தைப் பத்தி! நம்ம ஊருல இதைக் கற்பனை பண்ணிப் பாருங்க.

பிப்ரவரி 21-ஆம் தேதி மேயர் அவரைப் பதவிநீக்கம் பண்ணினார். தீ பிடிச்ச அன்னைக்கு காலையில ஆயிரம் வீரர்களை வேலையில நிறுத்தி வச்சிருக்கணும், வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு காரணம் சொன்னார். குரோலி விடல. நகர சாசனத்துல ஒரு வழி இருந்துச்சு, மேயர் முடிவை எதிர்த்து நகரமன்றத்துல அப்பீல் பண்ணலாம். 15 உறுப்பினர்ல 10 பேர் ஆதரிச்சா மேயர் முடிவு ரத்து. மார்ச் 4, எல்லாருக்கும் முன்னாடி கூட்டம். பொதுமக்கள் பேசினாங்க, தீயணைப்பு வீரர்கள் பேசினாங்க, குரோலியே வந்து நின்னு பேசினார். ஓட்டு 13-க்கு 2. குரோலி தோத்துட்டார்.

யார் பக்கம் நியாயம்னு நான் இங்க தீர்ப்பு சொல்லப் போறதில்ல. என்ன நடந்துச்சோ அது மொத்தமும் கதவைத் திறந்து வச்சு நடந்துச்சு. யார் நீக்கினது, என்ன காரணம், எந்த கவுன்சிலர் எந்தப் பக்கம் ஓட்டு போட்டார்னு அந்த ஊர் டீக்கடையில... சரி, காபிக்கடையில பேச முடியும். அங்க போலீஸுக்கு அஞ்சு பேர் கொண்ட ஒரு ஆணையம் வேற இருக்கு. போலீஸ்காரங்க இல்ல, சாதாரண குடிமக்கள். அவங்களை நியமிக்கிறது மேயர், ஒப்புதல் குடுக்கிறது நகரமன்றம். செவ்வாய்க்கிழமை பொதுக் கூட்டம். மக்கள் வந்து மைக்கைப் பிடிச்சு போலீஸ் தலைவரை மூஞ்சிக்கு நேரா கேக்கலாம். சில வாரம் கத்தி கலாட்டாவே ஆகும்.

[காட்சி: விளக்குபவர் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்.]

என்னோட கருத்தைச் சொல்றேன். சென்னைப் போலீஸை மேயர்கிட்ட குடுக்கணும்னு நான் கேக்கல. ஃபெர்னாண்டோ உட் கதையைக் கேட்ட பிறகு யாருக்கும் கொஞ்சம் பயம் வரும். வார்டு கவுன்சிலருக்கு ஸ்டேஷனை மாத்துற அதிகாரம் வந்தா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாததா? தீயணைப்பு மாநிலத்துகிட்ட இருக்கிறதுலயும் ஒரு நல்லது இருக்கு. பெருவெள்ளம்னு வந்தா மத்த மாவட்டத்து வண்டியையும் ஆளையும் ஒரே உத்தரவுல சென்னைக்கு இறக்கலாம்.

ஆனா கட்டுப்படுத்துறது வேற, பதில் சொல்ல வைக்கிறது வேற. நம்ம ஊருல முதலாவது கோட்டையில இருக்கு. ரெண்டாவது எங்கயும் இல்ல. 2017 மே 31, தி.நகர் உஸ்மான் ரோட்டுல ஏழு மாடி ஜவுளிக்கடை ஒரு நாளைக்கு மேல எரிஞ்சுது. நெருப்பை அணைச்சது தீயணைப்பு. ரோட்டை மறிச்சது டிராஃபிக் போலீஸ். கட்டட அனுமதி விவகாரம் சி.எம்.டி.ஏ., அதாவது பெருநகர வளர்ச்சிக் குழுமம். இடிபாடு, குப்பை, சுத்தி இருந்த மக்கள் எல்லாம் மாநகராட்சி தலையில. இத்தனை பேரையும் ஒரே மேஜையில உக்கார வச்சு "உங்க பங்கு என்ன?"ன்னு கேக்குற உரிமை எந்த வார்டு கவுன்சிலருக்கும் இல்ல. மாமன்றக் கூட்டத்துக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை போலீஸ்லயிருந்தும் தீயணைப்புலயிருந்தும் ஒரு பெரிய அதிகாரி வந்து கேள்விக்கு பதில் சொல்லணும்னு ஒரு விதி போட்டா போதும். இடமாற்றமும் வேணாம், கட்டளையும் வேணாம். ஒரு நாற்காலி, ஒரு மைக்.

[காட்சி: அடுக்ககத்தின் இரும்பு கேட். கம்பியில் தொங்கும் நோட்டு.]

எங்க தெரு கதை என்னாச்சுன்னு கேக்குறீங்களா? விளக்கு மூணாவது நாளே எரிஞ்சுடுச்சு. கவுன்சிலர் போலீஸ்லயும் சொல்லிப் பாத்திருக்கார் போல. ஒரு வாரம் கழிச்சு ஒரு ஏட்டு வந்து எங்க கேட்ல பட்டா புக் ஒண்ணைக் கட்டிட்டுப் போனார். ரோந்து வர்றவங்க அதுல நேரம் எழுதிக் கையெழுத்து போடணும். மூணு மாசமா தொங்குது. நேத்து எடுத்துப் பாத்தேன். கடைசியா இருக்கிறது ராத்திரி 2.10-ன்னு போட்டு ஒரு கையெழுத்து. தேதியைக் காணோம்.