குயில்மலை தந்த பேர்

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஒன்றியப் பெருந்தலைவர் அவர்களே, வெயிலைப் பாராமல் வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் பயிர் செய்யும் கம்பம் பள்ளத்தாக்குப் பெருமக்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய பாசனச் சங்கத்து அண்ணாச்சிக்குத் தனி நன்றி.

'நதிமூலம், ரிஷிமூலம் பார்க்காதே' என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆற்றின் மூலத்தைப் பார்த்ததால்தானே மேற்கே போன தண்ணீர் கிழக்கே திரும்பியது! இன்று நமக்கு முல்லைப் பெரியாறு அணையைக் கட்டித் தந்த கர்னல் பென்னிகுயிக்கின் பேர்மூலம் பார்ப்போம். ஊர், பயணம், எழுத்து என்று மூன்று சொல்ல வந்தேன்.

ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்குத் தெற்கே, வடக்கு எஸ்க் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்தப் பேர் பிறந்த ஊர். அங்கே அதைப் 'பெனிகுக்' என்பார்கள். ஆங்கிலத்துக்கு முன் அங்கே வழங்கிய பழைய மொழியில் 'பென்' என்றால் குன்று, 'கோக்' என்றால் குயில். குயில்மலை! அந்த மண்ணை ஆண்ட குடும்பம் ஊரையே பேராகச் சூடிக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டில் நிலம் கிளார்க் குடும்பத்துக்குக் கைமாறியது. நிலம் போனது, பேர் போகவில்லை.

அந்தப் பேர் எங்கெல்லாம் போனது தெரியுமா? 1849 ஜனவரி 13. பஞ்சாபில் சிலியன்வாலா. சீக்கியர்களின் மண்ணைப் பிடிக்க நடந்த போர், அதை நான் நியாயப்படுத்தவில்லை. நம் கர்னலின் தந்தை பிரிகேடியர் ஜான் பென்னிகுயிக் குண்டடிபட்டு விழுந்தார். அதே படையில் அவர் மகன் அலெக்சாண்டர், வயது 17. அப்பாவின் உடலை விட்டு நகர மாட்டேன் என்று காவல் நின்ற பிள்ளையும் அங்கேயே சாய்ந்தான். தம்பி ஜான் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டே நாள் இருந்தது, தாய்மார்களே! தகப்பனையும் அண்ணனையும் ஒரே நாளில் இழந்த அந்தப் பையன்தான் 1895இல் நமக்கு அணையைக் கட்டி முடித்தார்.

இன்று நம் தெருக்களில் பென்னிகுயிக் என்று பிள்ளைகள் உண்டு. அங்கே குடும்பப்பேர், இங்கே பிள்ளைப்பேர். ஆனால் நம் சொந்த ஊர்ப்பேர் எங்கே? நம் தாத்தாக்கள் பேருக்கு முன்னால் ஊருக்கு ஓர் எழுத்து, அப்பாவுக்கு ஓர் எழுத்து போட்டார்கள். என் பேத்தியைச் சேர்க்கப் போன பள்ளியில் ஊரெழுத்தை அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மேடைதோறும் கேட்கிறேன்: நதிமூலம் பார்க்கலாம், பேர்மூலமும் பார்க்கலாம், ஊரெழுத்தை விடாதீர்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மேடைக்கு இடப்பக்கம் நோட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் பேரை ஊரெழுத்தோடு எழுதிவிட்டுப் பொங்கல் வாங்கிக்கொள்ளுங்கள்.